கோபன்ஹேகனுக்கு ஒரு கிலோ ஒடியல் மா

திண்டுக்கல்லில் கடல் இல்லை. மலைக்கோட்டை இருக்கிறது; பூட்டுப் பட்டறைகள் இருக்கின்றன; ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் தொலைவில் பழனி மலைத்தொடர், நடுவே பனையும் புளியும் நிற்கும் வறண்ட சமவெளி. எனக்குக் கடலைக் காட்டியது இலக்கியம்தான். முதன்முதலில் கடலை நேரில் பார்த்தபோது எனக்கு வயது பத்தொன்பது. அதற்கு முன்பே நெய்தல் திணைப் பாடல்களில் பாதி எனக்கு மனப்பாடம்.

பதினெட்டு ஆண்டுகளாக முதுகலை மாணவர்களுக்குப் பட்டினப்பாலை நடத்தி வருகிறேன். வகுப்பறைச் சன்னல் வழியே மலைக்கோட்டை தெரியும். அந்த மொட்டைப் பாறையைப் பார்த்தபடியே புகார்த் துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டங்களையும், அவற்றின்மேல் சோழனின் புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் கொள்வோரையும், பல மொழி பேசும் வேற்று நாட்டார் ஒன்றாகக் கலந்து வாழும் தெருக்களையும் விளக்குவேன். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் ஒரே நகைச்சுவையைச் சொல்லும் அளவுக்குப் பழகிப்போன பாடம் அது.

இரண்டாண்டுகளுக்கு முன் அந்தப் பழக்கத்தை ஒரு மாணவி கலைத்தாள். புகாருக்கு வந்த பொருள்களின் பட்டியலில் ஈழத்திலிருந்து வந்த உணவும் உண்டு. பாட்டு இன்ன உணவு என்று சொல்வதில்லை. நானும் அந்த இடத்தை ஒரே மூச்சில் கடந்துவிடுவேன். கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து, "ஐயா, அது என்ன சாப்பாடு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் தோட்டனூத்தைச் சேர்ந்தவள். திண்டுக்கல்லை அடுத்த அந்த ஊரில் இலங்கைத் தமிழர்களுக்காக அரசு கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. அதற்கு முன்பு வரை அவர்கள் பழைய முகாம்களின் தகரக் கூரைகளுக்கும் ஓலைத் தடுப்புகளுக்கும் இடையில் வாழ்ந்தவர்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை அரசு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அவளுடைய தந்தை 1990இல் தம் தாயுடன் படகில் இராமேசுவரம் வந்து, மண்டபம் வழியாகத் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டவர். அவள் பிறந்தது திண்டுக்கல் அரசு மருத்துவமனையில். பேசுவதும் எங்கள் ஊர்ப் பேச்சுதான். ஆனால் சட்டத்தின் கணக்கில் அவள் இவ்வூராள் இல்லை.

*

2025 கோடை விடுமுறையில் கோபன்ஹேகன் செல்லும் வாய்ப்பு வந்தது. தங்கை மகன் அங்கே காற்றாலை நிறுவனம் ஒன்றில் பொறியாளன். "மாமா, ஒரு தடவ வந்துட்டுப் போங்க" என்று மூன்றாண்டுகளாக வற்புறுத்திக்கொண்டிருந்தான். கடவுச்சீட்டு ஏற்கெனவே இருந்தது. விசாவுக்கு விண்ணப்பித்து மூன்று வாரத்தில் கிடைத்துவிட்டது. இதை ஒரு பெரிய செய்தியாகத் துறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு அந்த மாணவி தந்தையுடன் வீட்டுக்கு வந்தாள். பெயின்ட் வேலை செய்பவர், நகக்கண்களில் வெள்ளை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மடியில் வைத்திருந்த பையை மேசைமேல் வைத்தார்.

"சார், அண்ணன் அங்கதான் இருக்கார். எண்பத்தாறுல போனவர். முன்னாடி ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போனார். அம்மா சாவுக்கு வர முடியல. இப்ப நெஞ்சு ஆபரேசன் ஆயிருக்கு, பிளேன் ஏறக்கூடாதுன்னுட்டாங்க."

பையில் இருந்தது ஒரு கிலோ ஒடியல் மா. தை மாதத்தில் இங்கே பனங்கிழங்கு மலிவாகக் கிடைக்கும். நாங்கள் அவித்துத் தின்று தீர்த்துவிடுவோம். அவர்கள் பச்சையாகவே கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கி, இடித்து மாவெடுத்து, கூழுக்கும் பிட்டுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அவருடைய தாய் இருந்தவரை ஆண்டுதோறும் செய்வாராம். இப்போது மருமகள் செய்கிறார்.

"நீங்களே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் பிழை புரிந்தது. அவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. முகாமை விட்டு வெளியூர் செல்லவே அனுமதி கேட்டுப் பழகிய மனிதர். அவர் சங்கடப்படாமல் சிரித்தார். சங்கடம் என்னுடையதாகவே இருந்தது. மாணவிதான் பேச்சை மாற்றினாள்: "ஐயா, அன்னிக்குக் கேட்டேன்ல, ஈழத்து உணவு. இதாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்."

*

கோபன்ஹேகன் என்ற பெயருக்கே 'வணிகர் துறை' என்றுதான் பொருள். நம் மொழியில் 'பட்டினம்' என்று சொல்லிவிடலாம். 12ஆம் நூற்றாண்டில் ஆயர் அப்சலோன் ஒரு சிறு தீவில் கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. திண்டுக்கல்லில் மாலை ஏழு மணிக்கு இருட்டிவிடும் வானத்தின்கீழ் வளர்ந்தவனுக்கு அந்த முடிவில்லாத அந்தி ஒருவகைக் கலக்கத்தையே தந்தது. உறங்க வேண்டிய நேரத்தை உடல் தேடிக்கொண்டே இருந்தது.

முதல் நாள் மருமகன் என்னை நீஹவ்னுக்கு அழைத்துச் சென்றான். அஞ்சலட்டைகளில் காணும் வண்ண வீட்டு வரிசை அதுதான். 1670களில் வெட்டப்பட்ட கால்வாய். வெட்டியவர்கள் சுவீடன் நாட்டுப் போர்க்கைதிகள். கதைசொல்லி ஆண்டர்சன் அங்கே மூன்று வீடுகளில் வெவ்வேறு காலங்களில் குடியிருந்தார். இன்று கரை முழுவதும் உணவகங்கள். கடல் பக்கம் திரும்பினால் நீருக்குள் வரிசையாக இருபது காற்றாலைகள். உடுமலைப் பக்கம் சோளக்காட்டில் நிற்கும் அதே உருவங்கள் அங்கே அலைமேல் நின்றுகொண்டிருந்தன.

பழைய பங்குச் சந்தைக் கட்டடமான பேர்சென்னைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தேன். மன்னன் நான்காம் கிறிஸ்தியான் 1619இல் கட்டத் தொடங்கியது. நான்கு நாகங்கள் வாலை முறுக்கிக்கொண்டு நிற்பதுபோன்ற அதன் கோபுரம் ஊருக்கே அடையாளம். 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்துக் கோபுரம் சரிந்துவிட்டது. நான் சென்றபோது சாரங்கள் மட்டும் தெரிந்தன. 1619 என்ற ஆண்டு எனக்கு முக்கியமானது. அந்த ஆண்டில் அதே மன்னனின் கப்பல்கள் நம் திசை நோக்கிக் கடலில் வந்துகொண்டிருந்தன.

*

அப்சலோன் கோட்டை கட்டிய தீவின்மேல்தான் இன்றைய நாடாளுமன்றமான கிறிஸ்தியான்ஸ்போர்க் அரண்மனை நிற்கிறது. அதன் பின்புறம் ஒரு வாயில் வழியாக நுழைந்தால் அரச நூலகத்தின் தோட்டம். நடுவே ஒரு குளம்; மரத்தடியில் தத்துவவாதி கீர்க்ககார்டின் சிலை. நகரத்தின் இரைச்சல் எட்டாத இடம். இப்படியோர் இடம் நம் நூலகங்களுக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கத்துடன் சுவரோரம் நடந்தபோது, செங்கல்லில் பதிந்த ஓர் இரும்பு வளையம் கண்ணில் பட்டது. கப்பல் கட்டும் வளையம். தோட்டத்தில் கப்பலுக்கு என்ன வேலை?

மருமகன் கைபேசியில் தேடிச் சொன்னான். தோட்டம் இருக்கும் இடமே ஒரு காலத்தில் துறைமுகம். நான்காம் கிறிஸ்தியான் தன் போர்க்கப்பல்களை நிறுத்தக் கட்டிய துறை. 19ஆம் நூற்றாண்டில் தூர்த்துவிட்டார்கள். நீர் போய்விட்டது; வளையம் மட்டும் தங்கிவிட்டது.

1616இல் அந்த மன்னனின் ஆதரவுடன் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1618இல் ஓவெ கெடே என்னும் இளைஞனின் தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் ஒன்றின் பெயர் 'யானை'. அவர்கள் குறிவைத்தது இலங்கையை. வழியில் நோயில் ஏராளமானோர் மாண்டனர். இலங்கையில் எதிர்பார்த்த இடமும் கிடைக்கவில்லை. முன்னோடியாக வந்த சிறு கப்பலைப் போர்த்துகீசியர் காரைக்கால் அருகே மூழ்கடித்தனர். அதிலிருந்த ரோலண்ட் க்ராப்பேயும் சிலரும் உயிர் பிழைத்துக் கரையேறி, தஞ்சையில் இரகுநாத நாயக்கர்முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். அங்கிருந்துதான் தரங்கம்பாடியின் டேனிஷ் வரலாறு தொடங்குகிறது. 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னனுக்கு எழுதிய மடல், பொன்னாலான ஓலையில் தமிழில் பொறிக்கப்பட்டது. கையொப்பம் மட்டும் தெலுங்கில். அவர் தெலுங்கில் காவியம் இயற்றிய புலவர் அல்லவா!

அந்தப் பொன்னோலை இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. நூலில் அச்சான படத்தைத்தான் பார்த்தேன். அரச நூலகத்தின் புதிய கட்டடம் 1999இல் திறக்கப்பட்டது; கறுப்பு வைரம் என்பது அதன் செல்லப்பெயர். அதன் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் துறைமுக நீர் அசைந்துகொண்டிருக்க, பனையோலை வடிவில் நீண்ட பொன் தகட்டின் படத்தைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளின் தொகுப்பும் உண்டு. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு ஓலைகளைத் தேடித் திரட்டிய கதை நம் மாணவர்களுக்குத் தெரியும். 1714இல் அவர் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் உடன் சென்றதையும், 1716இல் ஹல்லேயில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூலுக்குக் கப்பலிலேயே அவர் துணைநின்றதையும் பலர் அறியமாட்டார்கள்.

ஒரு தமிழாசிரியனுக்கு இதெல்லாம் பெருமிதம் தருவது இயல்பு. கடலில் கப்பலை இழந்து வந்த அந்நியனைக் கொல்லாமல், பொன்னில் எழுதிக் கொடுத்த மண் எங்களுடையது என்று நெஞ்சு விம்மியது. பட்டினப்பாலையின் புகாரே நேரில் வந்ததுபோல் இருந்தது. மறுநாள் நான் சந்திக்கவிருந்த மனிதரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

*

அவர் மேற்கே யூலாந்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்தார். தோட்டத்திலேயே சந்திப்பதாக ஏற்பாடு. அறுபத்தெட்டு வயது, தொப்பி, மெலிந்த உடல். நான் கும்பிட்டதும் அவரும் கும்பிட்டார். பையை வாங்கியவர் உடனே திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய தம்பி என் வீட்டில் பையை மடியில் வைத்திருந்த அதே விதம்.

நான் பொன்னோலைக் கதையைச் சொன்னேன். சற்று விரிவாகவே, வகுப்பில் சொல்வதுபோல. அவர் முழுக்கக் கேட்டார்.

"அது வியாபாரத்துக்கு வந்தவைக்குக் குடுத்தது, சேர். நாங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள். ரெண்டும் ஒண்டில்லை."

அவர் சொன்னது சரி. நாயக்கருக்குத் தேவைப்பட்டது போர்த்துகீசியருக்கு எதிரான ஒரு வணிகக் கை. அதற்காகக் கொடுத்த இடம் அது, ஆண்டு வரியும் பேசியிருந்தார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்த மீனவரை யாரும் கேட்கவில்லை. டேனியர்கள் அந்தக் கரையிலிருந்து அடிமைகளையும் ஏற்றினார்கள். 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இவை அனைத்தும் எனக்குத் தெரியும். முந்தைய நாள் பெருமிதத்தில் மறந்திருந்தேன்.

பிறகு அவர் தம் கதையைச் சொன்னார். 1986இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து டென்மார்க் வந்தவர். அகதி அந்தஸ்து கிடைத்தது. மீன் தொழிற்சாலையில் வேலை. 1987இல் மனைவியையும் இரண்டு வயது மகனையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார்.

"ஒவ்வொரு மாசமும் போய்க் கேட்பன். பரிசீலனையில இருக்கு எண்டு சொல்லுவினம். ஊரில அப்ப இந்தியன் ஆமி சண்டை. நான் நினைச்சன், பிழை என்ர பேப்பரில எண்டு. பேரை டேனிஷில பிழையா எழுதிப்போட்டன் போல எண்டு திரும்பத் திரும்ப எழுதிக் குடுத்தனான்."

பிழை அவருடைய தாளில் இல்லை. அன்றைய நீதித்துறை அமைச்சர் எரிக் நின்-ஹான்சென், 1987இல் தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களை நகர்த்த வேண்டாம் என்று அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். சட்டம் அளித்த உரிமையைச் சட்ட அமைச்சரே பூட்டிவைத்தார். இது வெளிவந்து, விசாரணை நடந்து, 1993 ஜனவரியில் அறிக்கை வெளியானபோது, பத்தாண்டுகள் ஆண்ட பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சென்னைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் மொழியில் இதற்கு 'தமில்சாகென்' என்று பெயர், தமிழர் வழக்கு. அந்த நாட்டு அரசியல் வரலாற்றில் நம் மொழியின் பெயர் நிலைத்திருப்பது இப்படித்தான்.

"பொடியன் வந்து இறங்கேக்க அஞ்சு வயசு. ஏர்போட்டில என்னைப் பாத்து 'மாமா' எண்டான்" என்றார். பிறகு சிறிது நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் நாடாளுமன்றத்தின் கோபுரம். அமைச்சர் விழுந்த கட்டடம், கப்பல்கள் நின்ற துறை, ஓலைகள் இருக்கும் நூலகம் எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள்.

"ஒரு நாடே நம்மை இப்படி நடத்தியதே!" என்றேன்.

"இல்லை சேர். அப்பிடிச் சொல்லப்படாது. பிழை எண்டு தெரிஞ்சதும் அரசாங்கமே விழுந்தது. இஞ்ச உள்ள ஆக்கள்தான் அதைக் கிளப்பினவை. எனக்குக் குடியுரிமை குடுத்தவை. என்ர மகன் வோட்டுப் போடுறான்." சற்று நிறுத்தினார். "தம்பி உங்கட ஊருக்கு வந்து முப்பத்தைஞ்சு வருசம். பிள்ளை அங்கதான் பிறந்தது. உங்களிட்டத்தான் தமிழ் படிக்குது. அதுக்கு இன்னும் ஒரு கடுதாசி இல்லை. அதுக்காக அங்க ஆரும் விழேல்லையே?"

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டதுபோல் இருந்தது. இலவச அரிசி, உதவித்தொகை, 321 வீடுகள் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவை உண்மை, சிறியவையும் அல்ல. ஆனால் அவர் கேட்டது வீட்டைப் பற்றி அன்று. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தோரை எண்ணினார்கள். இலங்கை அந்தக் கணக்கில் இல்லை. அந்த நாள்களில் நான் கல்லூரியில் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் அவள் பெயரை நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் அழைத்திருக்கிறேன். அவளுக்கு என்ன ஆவணம் இருக்கிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. என் விசா மூன்று வாரத்தில் வந்ததை அவள் காதுபடவே எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

துறைமுகம் என்றால் கடலோரத்தில் இருப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். 1990இல் அந்தத் தாயும் மகனும் வந்து சேர்ந்த துறை திண்டுக்கல்தான். அங்கே சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் பையைத் திறந்தார். பொட்டலத்தின் நூலை நிதானமாக அவிழ்த்து, ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் கசக்குது. கைப்பக்குவம் அம்மான்ரதான். மண்தான் வேற."

*

ஜூலையில் கல்லூரி திறந்தது. மாணவி முதுகலை முடித்திருந்தாள். மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தவள் துறைக்கு வந்து என்னைப் பார்த்தாள். பெரியப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். "கசக்குதாமா? அம்மாகிட்டச் சொல்றேன், இன்னும் ரெண்டு தண்ணி மாத்தணும்" என்றாள். அவர் என்னிடம் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் தோட்டனூத்துக்குப் போகிறேன். பெரிய தொண்டு ஒன்றும் இல்லை. சென்னையில் குடியுரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவருக்கு அனுப்ப, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, முகாம் அட்டை ஆகியவற்றைக் குடும்பவாரியாக அடுக்கிப் பட்டியல் எழுதுகிறோம். பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. தமிழாசிரியன் செய்யக்கூடிய வேலைதான். சுவடியில் பாடபேதம் பார்ப்பதைப்போல. இதனால் எதுவும் நடக்குமா என்று அவள் தந்தை கேட்பதில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

அவளுடைய பழைய பயிற்சி ஏடு ஒன்று என் மேசையில் தங்கிவிட்டிருந்தது. பட்டினப்பாலைப் பொருள்களின் அட்டவணையில், ஈழத்து உணவு என்ற இடத்துக்கு நேரே பென்சிலால் 'ஒடியல்?' என்று எழுதியிருந்தாள். சான்று இல்லாத ஊகம். வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில் சிவப்பு மையால் சுழித்து 'ஆதாரம் எங்கே' என்று எழுதுவது என் வழக்கம். அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.